ஃபோர்ஹேண்டுக்கு ஒரு டிரெய்லர்

இன்று காலை டென்னிஸில் என் ஃபோர்ஹேண்ட் வழக்கம்போல வலையில் போய் விழுந்தது.

எதிரே ஆடிய தோழி ஸ்டெல்லாவுக்குக் கடுப்பு. "பந்து வர்றதுக்கு முன்னாடியே கால நகத்துன்னா, கம்பம் நட்டா மாதிரி நின்னுகினு கீற."

ஆட்டம் முடிந்து எண்ணூர் சாலையைக் கடந்தோம். கன்டெய்னர் டிரெய்லர் ஒன்று எங்கள் பக்கம் ஒடித்துத் திரும்பியது. நான் லேசாகக் குதித்து, பக்கவாட்டில் ஓர் எட்டு வைத்து, தோளைத் திருப்பி ஓரமாக நின்றேன்.

ஸ்டெல்லா என் காலையே பார்த்தாள். "இத்தத்தான் இத்தினி நாளா சொல்லிகினு கீறேன். கோர்ட்ல மட்டும் இன்னா ஆவுது உனுக்கு?"

"பந்து ஏறி யாரும் சாவலியே" என்றேன்.

நாளையிலிருந்து என் ஃபோர்ஹேண்டுக்குப் பந்தை அடிக்கும்போதே "டிரெய்லர்" என்று கத்தப்போகிறாளாம்.

பேக்ஹேண்டுக்கு என்ன கத்தலாம், சொல்லுங்கள். தண்ணி லாரி மட்டும் வேண்டாம். அதைக் கேட்டால் கால் நேராக அதை நோக்கித்தான் ஓடும்.