திருகுகள்ளி வேலி

இலையில்லாத பச்சைக் குச்சிகளைக் கட்டாகக் கட்டித் தலையில் சுமந்தபடி என் ஓரகத்தி எங்கள் வாசலைத் தாண்டிப் போன அந்தக் காலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் புருஷன், அதாவது என் கணவரின் அண்ணன், இறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அறுபதுகளின் நடுவில், ஏரியூர்ப் பக்கம் மழை ஏமாற்றிய வருஷம் அது. அக்கா தன் பங்குக் காட்டில் தனியாக விதைத்த நிலக்கடலையை ஆடுகள் இரண்டு முறை மேய்ந்துவிட்டன. "பொம்பளையால காவல் காக்க முடியாதுங்க அண்ணி. காட்டை நாங்களே பாத்துக்கறோம், வுட்டுடுங்க" என்றார் என் கணவர். பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். "ஆடு திங்குதுன்னா வேலி போடணும் தம்பி. காட்டை எதுக்கு வுடணும்?" என்றாள்.

ஓடைக்கரையில் திருகுகள்ளி தானாக மண்டிக் கிடந்தது. இன்றைக்கு அதைத் தொட்டியில் வைத்து அழகுச் செடி என்று விற்கிறார்கள். பென்சில் தடிமனில் குச்சி குச்சியாகக் கிளைக்கும். நுனியில் எள்ளளவு துளிர்க்கும் இலையும் உடனே உதிர்ந்துவிடும். இலையின் வேலையைத் தண்டே செய்யும், தண்ணீரையும் அதுவே தேக்கிக்கொள்ளும். ஒடித்தால் வெள்ளைப் பால் பீறிடும் என்பதால் ஆடு வாய் வைக்காது. வெட்டிய கொம்பைச் சில நாள் நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்தபின் ஊன்றினால் வறண்ட மண்ணிலும் வேர் பிடிக்கும்.

கொம்பு வெட்டிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் அந்தப் பால் அக்காவின் கண்ணில் தெறித்துவிட்டது. அலறல் கேட்டு ஓடினேன். ஒரு குடம் தண்ணீர் விட்டுக் கழுவியும் எரிச்சல் அடங்கவில்லை. கள்ளிப்பால் பட்ட கண்ணில் தாய்ப்பால் விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். என் மூத்தவளுக்கு அப்போது நான்கு மாதம். அக்காவின் தலையை மடியில் சாய்த்து, இமையை விரித்துப் பிடித்து, என் பாலைப் பீய்ச்சி விட்டேன். அவளுக்கு உதவக் கூடாது என்று என் கணவர் சொல்லியிருந்தது அவளுக்கும் தெரியும். "வூட்டுல திட்டுவாங்க, போம்மா" என்றாள்.

"திட்டட்டும். அசையாம இருங்கக்கா" என்றேன்.

மறுநாள் ஒரு கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு மறுபடி கொம்பு ஊன்றப் போனாள். குழந்தையை வேப்பமரத்துத் தூளியில் போட்டுவிட்டு நானும் கூட நின்று ஊன்றினேன். பார்வை தெளியப் பதினைந்து நாளாயிற்று. என் கணவர் அதைவிட அதிக நாள் என்னோடு பேசவில்லை.

மூன்று மழைக்காலத்தில் வேலி ஆளுயரம் எழுந்து, கோழிக்குஞ்சுகூட நுழைய முடியாதபடி அடர்ந்தது. அக்காவின் கடலை முழுசாக வீடு வந்து சேர்ந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் காட்டிலும் ஆடு புகுந்தது. அன்று என் கணவர் அவள் வாசலில் போய் நின்றார். "அண்ணி, நம்ம காட்டுக்கும் கொஞ்சம் கொம்பு வேணுங்க" என்றார், தரையைப் பார்த்தபடி.

அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். வேலியருகே போனதும் திரும்பினாள். "எட்ட நில்லுங்க தம்பி, பாலு தெறிக்கும். நானே வெட்டித் தரேன்."