தலையில் துண்டு கட்டாத ராஜா

அறிவுமதி எழுதிய மாயக்கதையில் ராஜா வெள்ளைக் குதிரையில் வந்தார். கோட்டைமேல் பனி கொட்டிக்கொண்டிருந்தது. கடலூரில் அவள் டைப்பிங் வேலை பார்க்கும் கடையில், பக்கத்துக் கம்ப்யூட்டர்காரி ஷாசியா அதைப் படித்தாள்.

“இவ்ளோ பனியில வர்றாரே, தலையில துண்டு கட்டலியா உங்க ராஜா?”

“ஏய், இது வெளிநாட்டுல ஐஸா கொட்டுமே, அந்தப் பனிடி.”

“நீ பாத்திருக்கியா?”

“டிவியில.”

“அப்ப நானும் டிவியிலயே பாத்துக்கறேன். மார்கழிப் பனி காதுல பூந்தா எங்க அத்தாவே ரெண்டு நாளு படுத்துடுவாரு. ராஜான்னா மட்டும் சளி புடிக்காதா?”

அறிவுமதி சிரித்தாள். உள்ளே சுருக்கென்றது. ஒரு பத்திரிகையின் போட்டிக்காக எழுதிய கதை. மறுநாள் தபாலில் சேர்க்க வேண்டும். வீட்டில் முதல் பட்டதாரி அவள். படித்ததைத் திருப்பிச் சொல்வதைத் தவிர, தனக்கென்று ஏதாவது தோன்றுமா என்று தெரிந்துகொள்ளத்தான் எழுதினாள். பன்னிரண்டு பக்கம் பனி பெய்தும் அவளுக்கு ஓரிடத்திலும் குளிரவில்லை.

மறுநாள் விடிகாலை கடலூர் வேலைக்குப் போக, வீடிருக்கும் சிதம்பரத்தில் பஸ் ஏறினாள். புதுச்சத்திரம் தாண்டியதும் வயலும் சாலையும் பனியில் கரைந்துபோயின. பஸ் எதன்மேல் போகிறதென்றே தெரியவில்லை. முன்சீட்டுக்காரர் காதோடு துண்டு கட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் காதுக்குள் எது புகக்கூடாது?

பழைய பில்லின் பின்பக்கம் எழுதினாள். அந்த நாட்டில், பகலில் ஜனங்கள் சொல்லாமல் விழுங்கிய வார்த்தைகள்தாம் விடியலில் பனியாக இறங்கும். காதில் புகுந்தால் கேட்டுவிடும். அதனால் எல்லோரும் துண்டு கட்டிக்கொண்டார்கள். ஒரு நாள் ராஜா மட்டும் அவிழ்த்தார்.

எழுதிய விரல்கள் சில்லிட்டிருந்தன.

“யம்மா, பஸ்ஸ்டாண்டு வந்து அஞ்சு நிமிஷம் ஆவுது,” என்றார் கண்டக்டர். “கனா கண்டது போதும், எறங்கு.”

சாயங்காலம் தபாலாபீஸ் மூடும் நேரம். குதிரை ராஜா கவருக்குள் தயாராக இருந்தார். ஷாசியா கையில் அந்த பில்.

“ராஜாவுக்கு என்னடி கேட்டுது?”

“தெரியலடி.”

“தெரியலியா? யோசிச்சு சொல்லு. எங்க ஊரு லால்பேட்டை பஸ்ஸு போனா போவட்டும்.”

வெள்ளைக் குதிரை ராஜாவைப் பற்றி அவள் அப்படிக் கேட்டதே இல்லை. அறிவுமதி தெருமுனைத் தபாலாபீஸைப் பார்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். கவரைப் பிரித்துப் பன்னிரண்டு தாள்களையும் திருப்பிப் போட்டாள். பின்பக்கமெல்லாம் வெள்ளையாக இருந்தது.

“பேனா குடு,” என்றாள்.