பூசைக்காக அணைத்த கணினிகள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தயங்கினேன். சரஸ்வதி பூசையைக் குறை சொல்கிறேன் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற பயம்தான். விளக்கேற்றாமல் காலையில் தேத்தண்ணிகூடக் குடிக்காதவன் நான். ஆனாலும் குங்குமப் பொட்டு வைத்த அந்தக் கணினித் திரை கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. பொட்டை வைத்தவன் நான். வைக்கச் சொன்னவர் இணைப்பாளர்.

பதுளையில் ஒரு கணினி நிலையத்துக்கு அவர் இணைப்பாளர், நான் அலுவலக உதவியாள். எங்கோ தூரத்தில் இருக்கும் பெரிய கணினிகளைப் பல கல்லூரிகள் சேர்ந்து, படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும், இணையம் வழியாக முறை வைத்துப் பாவிக்கும் ஏற்பாடு அது. தோட்டத்து லயன் வீடுகளுக்குப் பொதுவான பீலிக் குழாயில் வரிசையாகக் குடம் வைத்துத் தண்ணீர் பிடிக்கிற மாதிரி என்று அங்கே படித்த என் மகள் விளக்கினாள். மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனதிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்பு. எவ்வளவு மழைக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எந்தச் சரிவு இறங்கும் என்று கணித்து வரைபடம் போடவேண்டும். அவள் முறை வந்தது. தோட்டத்தின் மற்றப் பிரிவுகளான கீழ் டிவிஷன்கள் முடிந்து, கடைசியாக நாங்கள் இருக்கும் மேல் டிவிஷனின் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பூசையன்று கொழுந்துக் கூடையையும் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியையும் கழுவிப் பொட்டிட்டு ஓய்வாக வைப்பது எங்கள் வழக்கம். இணைப்பாளர் அதைக் கணினிக்கும் கொண்டுவந்தார். கொழும்பிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள் அல்லவா. மேசையில் இருந்தவற்றை அணைத்தது போதாமல், தூரத்துக் கணினிகளில் எங்கள் நிலையத்துக்காக ஓடிய வேலையையும் நிறுத்தப் போனார்.

"சேர், அத மட்டும் விட்ருங்க. ஓடிக்கிட்டிருக்கு, நிப்பாட்டினா அழிஞ்சிரும்" என்றாள் மகள்.

"மலை எங்கயும் ஓடிப் போயிராதும்மா. சாமிக்கு முன்னுக்கு ஒனக்கென்ன அவசரம்?"

விருந்தாளிகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். துரைமார் சிரித்தால் சிரிக்கிற பழக்கம் எங்களுக்கு.

நிறுத்தினார். பிறகு விளக்கின் முன் மூன்று தரம் கும்பிட்டார், மூன்று தரமும் கேமராவைப் பார்த்து. சப்பாத்தைக் கழற்றவில்லை. பூசை என்பதற்காக எந்த வீட்டிலும் பிள்ளைக்குப் பால் காய்ச்சும் அடுப்பை அணைப்பதில்லை. அதுகூடத் தெரியாத பக்திக்குத் தோளில் பட்டுச் சால்வை வேறு.

மறுநாள் அவள் முறையில் மிச்சம் இருந்தது இரண்டு நாள். திரும்ப ஓட்ட ஐந்து நாள் வேண்டும். கெஞ்சிக் கேட்டாள். "முறைன்னா முறைதாம்மா" என்றார். மற்றவன் குடத்தைக் கவிழ்த்துவிட்டு வரிசையைப் பற்றிப் பேசுகிற ஆள். அடுத்த முறை வருவதற்குள் அவள் படிப்பு முடிந்துவிட்டது; வெளியே வந்தவர்களுக்கு அங்கே முறையும் கிடையாது.

வரைபடம் இப்போது தோட்ட ஆபீஸ் சுவரில் இருக்கிறது. கீழ் டிவிஷன்களுக்குச் சிவப்பும் மஞ்சளும். எங்கள் லயம் இருக்கும் இடம் வெறும் வெள்ளை. மழை பிடித்தால் அவர்கள் நிறத்தைப் பார்த்துக் கிளம்புகிறார்கள். நாங்கள் வாசலில் நின்று மலையைப் பார்க்கிறோம். அவரோ பதவி உயர்ந்து, மண்சரிவு பற்றிக் கூட்டங்களில் பேசுகிறாராம்.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது தெய்வத்தின் தலையில் போட்டுவிடாதீர்கள், நிறுத்தியது மனிதன். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நான் சிரித்ததையும் சேர்த்தே சொல்லுங்கள்.