சனிக்கிழமை கேட்ட வெள்ளை கவுன்

ராஜபாளையத்தில் நானும் என் வீட்டுக்காரரும் தையல் கடை வைத்திருக்கிறோம். முகூர்த்த மாதத்தில் எல்லாத் துணியையும் சொன்ன நாளில் கொடுப்பது நடக்கிற காரியமில்லை. யாருடையது தாமதமானால் கடைக்குச் சேதாரம் குறைவு என்று பார்த்து வரிசை போடுவது அவர் வேலை. கத்துகிறவர்களுக்கு முதலில், பொறுத்துப்போகிறவர்களுக்குக் கடைசியில். வருகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. விசேஷத்தை நாலு நாள் முன்னால் தள்ளித்தான் சொல்வார்கள். இவரும் மனசுக்குள் நாலு நாள் கூட்டிக்கொள்வார்.

போன வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு பெண் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"ஞாயித்துக்கெழம பிள்ளைக்குப் புதுநன்மைண்ணே. சர்ச்சுல மொதமொதலா நற்கருணை வாங்கப்போறா. சனிக்கெழம சாயங்காலம் வாரேன், வெள்ளை கவுன் வேணும்."

அவள் போனதும் இவர் சிரித்தார். "ஞாயித்துக்கெழமன்னா அடுத்த வாரம்னு அர்த்தம்." துணியை வெட்டி, கவுனின் கைத்துண்டுகளை மட்டும் பூவேலைக்கு வெளியே ஒரு வீட்டில் கொடுத்து, திங்கள்கிழமை தந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் தாயும் மகளும் வந்து நின்றார்கள். பூவேலைக்காரி வீட்டுக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. பிளவக்கல் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறாளாம். கையில்லாத கவுனை அந்தப் பிள்ளை தடவித் தடவிப் பார்த்தது.

"நீங்க விசேஷம் புதன்கெழமன்னு சொல்லியிருந்தா இந்நேரம் கெடச்சிருக்கும்மா" என்றார் இவர், ஏதோ புத்தி சொல்கிற மாதிரி. எனக்கு வந்த கோபத்துக்குக் கத்திரிக்கோலை மேசையில் எறிந்தேன். அவள் கத்தவில்லை. "நாளைக்கு எல்லாப் பிள்ளையளும் வெள்ளையில நிக்கும்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

இனி இந்தப் பக்கம் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்தாள், மகளோடு, பச்சைத் துணியோடு.

"இருவதாம் தேதி கட்டாயம் வேணும்ணே. மறுநாள் ஊருக்குப் போறோம்."

"எந்த ஊருக்கும்மா?" என்றது பிள்ளை.

அவள் பிள்ளையின் கையை இறுக்கினாள். பிள்ளை என்னைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது, பிறகு இவரிடம் தானாகவே சொன்னது:

"ஆமா மாமா. ஊருக்குப் போறோம்."