ராஜாராமன் வீட்டு ரத்த அழுத்தப் பதிவேடு

மத்திய அரசில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, 1996இல் அண்டர் செக்ரட்டரியாக ஓய்வு பெற்றார் ராஜாராமன். மயூர் விஹாரில் எங்கள் வீட்டுக்கு நேர் மேல் வீடு. ஆபீஸ் அவரை விட்டதே தவிர அவர் ஆபீஸை விடவில்லை. காஸ் சிலிண்டருக்கு ஒரு பதிவேடு, தண்ணீர் வந்த நேரத்துக்கு ஒரு பதிவேடு. எழுதுவது மனைவி காமாக்ஷி மாமி. கையெழுத்துப் போடுவது இவர்.

அந்த வருஷமே டாக்டர் விஸ்வநாதன் இவருக்கு ரத்த அழுத்தம் என்று கண்டுபிடித்தார். தினம் மாத்திரை, வாரம் ஒரு தடவை வீட்டிலேயே பரிசோதனை. ராஜாராமன் மீட்டரும் ஸ்டெதாஸ்கோப்பும் வாங்கினார். அளப்பதெல்லாம் அதிகாரி செய்கிற வேலையா? எதிர் பிளாக் நர்ஸ் பொன்னியிடம் மாமிதான் கற்றுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இவர் கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். மாமி பம்ப் அடித்து, காதால் கேட்டு, எண்ணை எழுதி நீட்டுவார். இவர் கண்ணைத் திறந்து கையெழுத்துப் போடுவார்.

முதல் ஞாயிறு மாமி நூற்று அறுபது என்றார். அன்று மேலே அவர் போட்ட சத்தம் என் சமையலறை வரை கேட்டது. உப்பை அள்ளிப் போட்டது யார், ஊறுகாய் வாங்கி வைத்தது யார் என்று ஒரு மணி நேரம் விசாரணை. அடுத்த ஞாயிறு நூற்று முப்பது. அதற்குப் பிறகு மூன்று வருஷமும் நூற்று முப்பதுதான். எப்போதாவது நூற்று இருபத்தெட்டு. கட்டடமே அமைதியாகிவிட்டது. நானும் சந்தோஷப்பட்டேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இரண்டாம் வருஷம், பதிவேட்டை ஆதாரம் காட்டி அவர் மாத்திரையை நிறுத்தினார். டாக்டர் பக்கமும் போகவில்லை. மாமி கெஞ்சிப் பார்த்தார்.

"எல்லாம் நார்மல்னு நீதானே எழுதியிருக்கே," என்றார் இவர்.

1999 டிசம்பரில் மாடிப்படி ஏறவே அவருக்கு மூச்சு வாங்கியது. நான்தான் ஆட்டோ பிடித்து இருவரையும் விஸ்வநாதனிடம் கூட்டிப்போனேன். அவர் அளந்ததில் மேல் எண் நூற்றுத் தொண்ணூறு, கீழ் எண் நூற்றுப் பத்து. ஸ்கேனில் இதயச் சுவர் தடித்துப்போயிருந்தது.

"தலைவலிகூட வந்ததில்லையே," என்றார் ராஜாராமன்.

"இது சொல்லிண்டு வராது சார். இப்படியே விட்டா மாரடைப்பு முந்துமா, பக்கவாதம் முந்துமாங்கறதுதான் கேள்வி."

ராஜாராமன் பையிலிருந்து பதிவேட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். "உங்க மிஷினைச் சரிபாருங்கோ. என்கிட்ட மூணு வருஷ ரெக்கார்டு இருக்கு."

"அது நான் இட்டுக்கட்டினது டாக்டர்," என்றார் மாமி. "நெஜத்தைச் சொன்னா இவர் கத்துவார், இன்னும் ஏறிடும்னு பயந்தேன்."

கூரை பறக்கப் போகிறது என்று நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. அவர் பதிவேட்டைக் கடைசியிலிருந்து முன்னால் புரட்டிக்கொண்டே போனார். பக்கத்துக்குப் பக்கம் அவர் கையெழுத்து. முதல் பக்கத்தில் நிறுத்தினார். நூற்று அறுபது. அந்த நோட்டிலேயே உண்மையான ஒரே எண். அதன் பக்கத்தில் சிவப்பு மையில் அவரே எழுதியிருந்தார்: 'காரணம் விளக்கவும்.'

அந்த வரிமேல் விரலை வைத்தார்.

"விளக்கம் வந்துடுத்து," என்று மாமியிடம் மெதுவாகச் சொன்னார்.