எல்லாப் பந்தும் ஈசானிய மூலைக்கு

கோல்ப் மைதானத்தில் வேலை பார்த்தவன் என்று சொன்னால், ஆட்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் செருப்பைத்தான் பார்க்கிறார்கள்.

அது அப்படிப்பட்ட மைதானம் இல்லைங்க. தருமபுரியிலிருந்து சேலம் போகிற பெரிய ரோட்டில், ஒரு சாப்பாட்டு ஹோட்டலுக்குப் பக்கத்தில் இருந்த ஒன்பது குழி மினி கோல்ப். சாப்பிட்டு முடித்த குடும்பங்கள் கார் ஏறுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் விளையாடிவிட்டுப் போகட்டும் என்று போட்டது. மட்டை எடுத்துக் கொடுப்பது, பந்து பொறுக்குவது, திட்டு வாங்குவது மூன்றும் என் வேலை. துணிக்கடையிலோ டிக்கெட் கவுண்டரிலோ நின்று பொதுமக்களைச் சமாளித்தவர்களே, உங்களுக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

இடம் முதலாளி மாதப்பனுடைய, எதுவும் விளையாத பாறைக் காடு. மலேசியாவுக்கு டூர் போன இடத்தில் இப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் ஒரு பாறையை உடைக்கவில்லை, ஒரு மரத்தை வெட்டவில்லை. எது எங்கே கிடந்ததோ அதைச் சுற்றியே குழி போடச் சொல்லிவிட்டார். வரைபடம் எல்லாம் கிடையாது. பெங்களூரில் வேலை பார்க்கும் அவர் மகன் கார்த்திக்கு அந்த இடத்தைப் பார்த்தாலே கூச்சம். இடித்துவிட்டு கார் சார்ஜ் போடுகிற இடம் கட்டலாம் என்றார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. ரெண்டு பேரும் பேசிப் பேசி அலுத்த பிறகு, கார்த்தி ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். “ஆடறவங்க என்னா சொல்றாங்களோ அப்பிடியே எழுதி வை தம்பி. ஒரு எழுத்து கூட்டாத, கொறைக்காத. மே லீவு முடியட்டும். படிச்சுப் பாத்துட்டு பொக்லைன வரச் சொல்றதா வேணாமான்னு சொல்றேன்” என்றார்.

தாத்தாவும் ஆயாவும் வாயால் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்த காது. கேட்டது கேட்டபடி நிற்கும். அந்த நோட்டில் எழுதியதில் சிலது இன்னமும் மனப்பாடம்.

வாட்டம்

எங்கள் மைதானத்தில் பந்தை எந்தப் பக்கம் தட்டினாலும், கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போகும். அப்புறம் ஏதோ ஞாபகம் வந்த மாதிரி வடகிழக்கே திரும்பும். காரணம், ஒன்பது குழிக்கும் தளம் போட்டது தருமபுரி பாஷா பாய். முப்பது வருஷமாக வீடு கட்டுகிற மேஸ்திரி. குளியலறையானாலும் மொட்டை மாடியானாலும், தண்ணீர் ஒரு மூலைக்கு ஓடுகிற மாதிரி வாட்டம் கொடுக்காமல் அவர் கை தளம் போடாது. நம்மூர்க்காரர்கள் அத்தனை பேரும் தண்ணீர் ஈசானிய மூலைக்குத்தான் போகணும் என்று கேட்டுக் கேட்டு, கை அந்தப் பக்கமே பழகிவிட்டது. ஆக, மேலே விரித்த பச்சைப் பாய்க்கு அடியில் இருந்தது ஒன்பது குளியலறை.

ஒரு நாள் பெங்களூர்க்காரர் ஒருவர் கோபத்தில் தண்ணீர் பாட்டிலை முதல் குழித் தளத்தில் கவிழ்த்தே காட்டினார். தண்ணீர் நூல் பிடித்தது போல மூலைக்கு ஓடியது. முதலாளி பாஷா பாயைக் கூப்பிட்டு விட்டார். பாய் வாட்டம் பார்க்கிற ரசமட்டத்தோடு வந்தார், குனிந்து வைத்துப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது. நிமிர்ந்து என்னிடம் சொன்னார்: “ஒரு சொட்டுத் தண்ணி நின்னுச்சுன்னா சொல்லுங்க தம்பி, நானே ஒடைச்சுப் புதுசா போட்டுத் தரேன், பந்து போற வழிக்கெல்லாம் நான் வாக்குக் குடுக்கலியே!”

மூன்றாவது குழி, புற்றுக்குப் பின்னால்

மூன்றாவது குழியில் ஆளுயரத்துக்கு ஒரு புற்று. உடைக்க யாருக்குத் தைரியம் வரும்? பாஷா பாயே தள்ளி நின்றுதான் தளம் போட்டார். வெள்ளிக்கிழமை ஆனால் பச்சை விரிப்பெல்லாம் மஞ்சளும் குங்குமமுமாக இருக்கும். விளையாட வராமல் புற்றுக்குப் பால் ஊற்ற மட்டும் வருகிற பெண்கள் உண்டு. அவர்களுக்கு மட்டை வேண்டுமா என்று கேட்டு நான் ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ஒருத்தர் மனைவியோடும் மச்சானோடும் வந்தார். மச்சானை ஜெயித்தே தீருவது என்று இரண்டு குழி வரைக்கும் ஒரே வேகம். மூன்றாவதில் பந்து உருண்டு போய்ப் புற்றுக் கண்ணுக்குள் விழுந்துவிட்டது. மச்சான், “பந்து இல்லீன்னா ஆட்டம் எனக்கு” என்றார். இவர் மண்டி போட்டு முழங்கை வரைக்கும் சட்டையைச் சுருட்டிவிட்டார். அந்தம்மா தலையில் இருந்த பூவைப் பிய்த்துப் புற்றின் மேல் வைத்து, அதே கையால் புருஷன் காலரைப் பிடித்து இழுத்தார்: “அது ஆத்தாவுக்குப் போன பந்துங்க. நீங்களே ஜெயிச்சிட்டீங்க, போதுமா? கைய மட்டும் வெளிய எடுங்க!”

ஐந்தாவது குழி, பைப்புக்குள்

ஐந்தாவதில் நாலு இஞ்ச் பைப் ஒன்று மண்ணுக்குள் போகும். உள்ளே மூன்றாகப் பிரியும். ஒன்று குழிக்குப் பக்கத்தில் வந்து விடும். ஒன்று மாமரத்தடிக்கு. இன்னொன்று ஹோட்டல் பின்பக்கம், பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு. எது எதுக்கு எந்த வேகம் என்று போட்டவருக்கே தெரியாது.

கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்கள் நாலு பேர் போன் கேமராவில் படம் பிடித்து, தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, ஒரு மணி நேரம் அடித்தார்கள். அத்தனையும் பாத்திரம் கழுவுகிற இடம். அந்தப் பக்கமிருந்து அக்கா ஒருத்தர் திட்டுவதும் கேட்டுக்கொண்டே இருந்தது. டீ டம்ளரோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர் டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு தட்டு தட்டினார். பந்து குழிக்குப் பக்கத்தில் வந்து பணிவாக நின்றது. “எப்படிண்ணா?” என்று பையன்கள் சூழ்ந்துகொண்டார்கள். “பைப்புக்குள்ள என்னா இருக்குதுன்னு எனக்கென்னா தெரியும் தம்பி? தொப்பூர் எறக்கத்துல லோடு வண்டி எறக்கற மாதிரி, பிரேக்கு மேல கால வெச்சிக்கினே தட்டுனேன்.”

மழை

இதை நினைத்தால் இப்போதும் அந்த ஈர மண் வாசம் வருகிறது. கோடை மழை அடித்து ஓய்ந்தால், பைப்புக்குள்ளும் பாறை இடுக்கிலும் காணாமல் போன பந்துகள் எல்லாம் தண்ணீரோடு உருண்டு வந்து ஈசானிய மூலையில் சேர்ந்து கிடக்கும், சிவப்பும் மஞ்சளுமாக. நான் வாளியை எடுத்துக்கொண்டு போனால் போதும். பரோட்டா மாஸ்டர் அடுப்பை விட்டு எட்டிப் பார்த்துச் சொல்வார்: “பந்தே தானா வூடு வந்து சேருது, ஒனக்கென்னாடா அங்க வேல?”

சொந்த மட்டையோடு வந்தவர்

ஏழாவது குழி, படுத்த யானை மாதிரி ஒரு பாறை. பந்தை அதன் முதுகில் ஏற்றி, மழை அரித்து உண்டாக்கிய பள்ளத்தின் வழியாக மறுபக்கம் இறக்க வேண்டும். ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர், நிஜ கோல்ப் ஆடுகிறவர், உறைக்குள்ளிருந்து சொந்த மட்டையை எடுத்தார். கையுறை மாட்டினார். வயிறு தரையில் படப் படுத்து வழி பார்த்தார். அடித்த பந்து பாறை நெற்றி வரைக்கும் போய்த் திரும்பி அவர் ஷூவுக்கே வந்தது. அப்படியே பதினாலு தடவை.

பின்னால், காதுகுத்துக்குப் போய்விட்டு மொரப்பூர் திரும்புகிற மூன்று பெண்கள் காத்திருந்தார்கள். பட்டுப் புடவை. ஒருத்தர் கையில் தாம்பூலப் பை. பையைக் கீழே வைக்காமலே ஒற்றைக் கையால் தட்டினார். மூன்றாவது தட்டில் பந்து பள்ளத்தில் இறங்கிக் குழியில் விழுந்தது. அதிகாரி அசந்துபோய், “முன்னாடியே ஆடியிருக்கீங்களாம்மா?” என்று கேட்டார். “இல்லீங்க சார், பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க” என்று அவர் எட்டாவது குழிக்குப் போய்விட்டார். அதிகாரி மட்டையை உறையில் போட்டபடி என் பக்கம் திரும்பினார்: “இதுக்குப் பேரு கோல்பே இல்ல தம்பி. இதைப் போட்டவன நிக்க வெச்சுக் கேள்வி கேக்கணும். காலையில எத்தன மணிக்குத் தொறப்பீங்க?”

முதலாளி கேட்ட ஒரே உதவி

சாயங்காலம் ஆனால் முதலாளி ஒரு ரவுண்டு ஆடுவார். முடித்ததும் பாறை மேல் உட்கார்ந்து, “இன்னைக்கு யாராச்சும் நல்லதா சொன்னாங்களா?” என்பார். நான் வாசித்துக் காட்டுவேன். கேட்கக் கேட்கத் தலை தொங்கும். மே மாதக் கடைசி வாரத்தில், அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒன்பது குழியும் முடித்த ஒருத்தர், மட்டையை என் மேஜையில் தொப்பென்று போட்டு, “இத இடிச்சுட்டு வேற பொழப்பப் பாருங்கய்யா” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். வாசித்தேன். முதலாளி நோட்டை எட்டிப் பார்த்தார். அப்புறம், “அந்த ஒரு வரிய மட்டும் வுட்டுடேன் சாமி” என்றார்.

நான் முதலாளியை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவன். “அண்ணன் அப்பிடியே எழுதச் சொல்லிட்டாருங்க” என்று மெதுவாகச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மட்டையை ஊன்றி எழுந்து, பாறையைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நடந்தார். தினம் ஆடுகிறவர்தானே, அவரும் ஒரு ஆட்டக்காரர்தானே என்று, அந்த மனிதர் சொன்னதற்குக் கீழேயே முதலாளி சொன்னதையும் எழுதினேன்: “நாப்பது வருசமா இந்தக் காட்டுல கொள்ளு போட்டேன், எள்ளு போட்டேன், ஒண்ணும் மொளைக்கல, இப்பத்தான் சனம் மொளைச்சிருக்குது.”

நோட்டு

ஜூன் முதல் ஞாயிறு கார்த்தி வந்தார். ஹோட்டல் மேஜையில் உட்கார்ந்து நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். எங்கேயும் சிரிக்கவில்லை. முதலாளி தண்ணீர் ட்யூபைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். கடைசிப் பக்கத்தை மட்டும் கார்த்தி ரெண்டு தடவை படித்தார். அப்புறம் நோட்டை மூடி, “எல்லாரும் திட்டித்தான் வெச்சிருக்காங்க. இதுல எத்தன பேரு பாதியில மட்டையக் குடுத்துட்டுப் போனாங்க?” என்றார். எனக்கு யோசிக்க வேண்டியே இருக்கவில்லை. “ஒருத்தரும் இல்லீங்கண்ணா. பச்சக் கொழந்தையத் தூக்கிக்கினு வந்தவரு கூட ஒம்போதும் முடிச்சுட்டுத்தான் திட்டினாருங்க.”

கார்த்தி எழுந்து ஒரு மட்டை கேட்டார். அப்பா போட்ட மைதானத்தில் அவர் அதுவரைக்கும் ஒரு தடவைகூட ஆடியதில்லை. முதல் குழியிலேயே பந்து வடகிழக்கே திரும்பியது. “என்னாப்பா இது!” என்றார். ஐந்தாவதில் ஷூவைக் கழற்றிவிட்டார். ஏழாவதில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, எத்தனை தட்டு என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். முதலாளி ட்யூபைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். “கொஞ்சம் மேக்கால தட்டு கண்ணு” என்றார். “நீ சொல்லாதப்பா, நானே பாத்துக்கறேன்.” பந்து மறுபடியும் திரும்பி அவர் காலடிக்கே வந்தது. கார்த்தி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பாறையை விட்டுக் கண்ணை எடுக்காமல் என்னிடம் சொன்னார்: “தம்பி, இதையும் எழுதிக்க. சார்ஜ் போடறதுக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் எடம் பாத்துக்கலாம். இந்தக் குழிய முடிக்காம நான் பெங்களூரு போறதா இல்ல.”

அப்புறம் ஒன்றரை வருஷம் இருந்தேன். இப்போது ஓசூரில் கம்பெனி வேலை. சேலம் பஸ்ஸில் அந்த வழியே போகும்போதெல்லாம் ஜன்னலோரம் இடம் பிடிப்பேன். ஹோட்டலுக்கு முன்னால் இருக்கிற புளியமரம் தாண்டியதும் ஒரு நொடி குனிந்த முதுகுகள் தெரியும், யாரோ யாரையோ திட்டுகிற கையசைவும் தெரியும். பொதுமக்களிடம் பழகியதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: எல்லாம் ஒழுங்காக இருக்கிற இடத்திலிருந்து நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுகிறவர்கள், கோணலான இடத்தில் மட்டும் திட்டிக்கொண்டே இன்னும் ஒரு பந்து கேட்கிறார்கள்.