இரண்டாவது தடவை சொல்லாதது

மருத்துவம் தெரிந்த ஒருத்தி எப்படி வாய் திறக்காமல் இருந்தாள்? ஊரில் எல்லோரும் இதைக் கேட்டார்கள், நானும் கேட்டேன்.

மலைநாட்டு நகரமான நரினுக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், மருத்துவமனையின் அவசரப் பிரிவு நர்ஸ் பூருல்சா. அந்த மாதக் கடைசியில் அவளுக்குத் தகுதித் தேர்வு. இதயப் பாடத்தைச் சமையலறைச் சுவரில் ஒட்டி, மாவு பிசைந்துகொண்டே மனப்பாடம் செய்தாள். நெஞ்சுவலி என்று வந்தால் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி. வலி தாடையில் வரலாம், கையில் வரலாம், வயிற்று எரிச்சல் போலவும் வரலாம். குளிர்ந்த வியர்வையைக் கண்டால் அலட்சியம் கூடாது.

ஒரு ஞாயிறு மதியம் நாத்தனாரைக் கட்டிக்கொடுத்த சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வந்தார்கள். தேநீர் ஊற்றுவது மருமகள் வேலை. பெரியவர்கள் கையேந்தி ஆசி சொல்லி முடிக்கும்வரை அவள் விருந்து விரிப்பை விட்டு எழக்கூடாது. மாமனார் பெயரை எந்த நாளும் வாயால் சொல்லக்கூடாது.

சாப்பாட்டின் நடுவே மாமனார் தாடையைத் தடவினார். சட்டைப்பையிலிருந்து வாலிடால் மாத்திரையை எடுத்து நாக்கடியில் வைத்தார். நெஞ்சு படபடத்தால் போட்டுக்கொள்ள ஊரில் எல்லாப் பெரியவர் பையிலும் இருக்கும் மாத்திரை அது.

"என்ன சம்பந்தி, ஆட்டு வால் கொழுப்பைப் பாத்ததும் நெஞ்சு படபடக்குதா?" என்றார் விருந்தாளி.

"கொழுப்பையெல்லாம் என் தட்டுல தள்ளிட்டுக் கேள்வி வேறயா!" என்றார் மாமனார்.

எல்லோரும் சிரித்தார்கள். பூருல்சா சிரிக்கவில்லை. அடுப்பு அணைந்திருந்தது, ஜன்னல் திறந்திருந்தது, ஆனாலும் மாமனார் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. மாமியாரின் காதருகே குனிந்தாள்.

"அத்தை, இது சும்மா தாடை வலி இல்ல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். ரெண்டு தெருதானே?"

"உன் பரீட்சையை இங்க எழுதாதடி. சம்பந்திங்க முன்னாடி மானத்தை வாங்கிடாதே. மாத்திரைதான் போட்டுட்டாரே? டீயை ஊத்து."

ஊற்றினாள். வாலிடால் நாக்கில் குளுகுளுவென்று இருக்கும், அவ்வளவுதான். அடைபட்ட ரத்தக்குழாயை அது திறக்காது. அவளுக்கு அது தெரியும். கோப்பைகள் திரும்பித் திரும்பி வந்தன. அவள் சுவர்க் கடிகாரத்தையே பார்த்தாள். பத்து நிமிடம் போனது, இருபது போனது. நாற்பதாவது நிமிடம் எல்லாக் கைகளும் ஆசிக்கு உயர்ந்தன. மாமனாரின் கைகள் மட்டும் உயரவில்லை. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார்.

மயங்கியவரை முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பது பாடம்.

"மாமா!" அசைவில்லை. "மாம்பெதாலி! மாம்பெதாலி!"

வாழ்க்கைப்பட்டு வந்த பன்னிரண்டு வருடத்தில் அந்தப் பெயர் அவள் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை. யாரும் அதட்டவில்லை. அவர் கண் திறக்கவுமில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து அவள் கையைப் பிடித்து விலக்கும்வரை மார்பை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

மாமனாரை அடக்கம் செய்த அந்த மாதக் கடைசியில் தேர்வு எழுதினாள். நெஞ்சுவலி நோயாளிக்கு எத்தனை நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும்? பத்து என்று எழுதினாள். தேர்ச்சியும் பெற்றாள். சான்றிதழை மாமியார் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ சொன்னியே, கண்ணு."

"ரெண்டாவது தடவை சொல்லலியே, அத்தை."

என் கேள்விக்குக் கிடைத்த பதில் இவ்வளவுதான். இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து இன்னொருவருக்குச் சொல்லுங்கள். பையில் வாலிடால் வைத்திருக்கும் பெரியவருக்குச் சொல்லுங்கள். விருந்தில் தேநீர் ஊற்றும் மருமகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.